தாய்க் கட்டம்

சனிக்கிழமை ராத்திரி ஒன்பதரைக்கு
செக்காலை ரோட்டில் ஆடிட்டர் ஆபீஸ் ஷட்டரை
உள்ளிருந்தே பாதி இறக்கிவிட்டு
ஊராரின் ஜிஎஸ்டியை மூடிவைத்து
செடிகளைத் திறப்பேன்.

பதினெட்டுப் பேர். ஆளுக்கு மாதம் நாற்பது ரூபாய்
சர்வர் வாடகை.
புதுவயல் ஜெய்லானி மட்டும்
ஆறு மாதத்துக்குச் சேர்த்துச் சில்லறையாகத் தருவார்,
கிரீஸ் வாசத்தோடு.

முதல் வாரமே தகராறு.
அடீனியம், அடினியம், பாலை ரோஜா:
ஒரே செடி மூன்று பெயரில் நின்று
மூன்று செடியாக எண்ணப்பட்டது.
நான் வைத்ததுதான் பெயர் என்றார் பள்ளத்தூர் மெய்யம்மை.
சரி என்று கீழே இன்னொரு கட்டம் போட்டேன்,
'வீட்டில் கூப்பிடுவது'.
ஒருவர் அதில் தன் சப்பாத்திக் கள்ளிக்கு
மச்சினன் பெயரை எழுதினார்.

'இடம்' என்ற கட்டத்தை யாரும் நிரப்பவில்லை.
போன வருஷம் கோட்டையூரில் சுவரேறி வந்து
இருபது தொட்டியில் சரியான ஒன்றை மட்டும்
தூக்கிப் போனவன்
எங்களில் ஒருத்தன்தான் என்று
எல்லாருக்கும் எல்லார் மேலும் சந்தேகம்.
ஓட்டெடுத்தோம். தெரு போய் ஊர் மட்டும் மிஞ்சியது.

நீக்கு பட்டனை எடுக்கச் சொன்னது செலின்.
தேவகோட்டை ஆஸ்பத்திரியில் இரவு ஷிப்ட்.
"செத்ததை அழிக்க விட்டா
உங்க கணக்குல எல்லாச் செடியும் பிழைச்சிரும்."
எடுத்தேன்.
அன்றே பதினோரு பிகோனியாவை வரிசையாக ஏற்றினாள்.
காரணம்: தண்ணீர் அதிகம். தண்ணீர் அதிகம்.
மே மாதம். தண்ணீர் அதிகம். தெரியவில்லை.
அதன் பிறகுதான் மற்றவர்களுக்கும் வாய் வந்தது.
ஆடு.
மருமகன்.
பெயின்ட் அடிக்க வந்தவர்கள்.

என் பிழைப்பு பற்றும் வரவும்.
கொடுத்த பக்கம் குறையணும், வாங்கின பக்கம் கூடணும்.
இங்கே ஒரு கணு ஒடித்துக் கொடுக்கிறார்கள்,
கொடுத்தவரிடமும் இருக்கிறது, வாங்கினவரிடமும் இருக்கிறது.
இதற்கு எங்கே போய் ஐந்தொகை எடுப்பது?
அதனால்தான் 'தாய்' என்று ஒரு கட்டம்,
எந்த எண்ணிலிருந்து வந்தது இது என்று.
கூடவே ஒரு விதி:
எந்தச் செடியும் தன் வம்சத்துக்கே பிள்ளையாக முடியாது.
எழுதும்போது அது ரொம்பச் சாதாரணமாகத்தான் இருந்தது.

ஐப்பசி மழையில் ஜெய்லானியின் முப்பிரண்டை அழுகியது.
எண் 117. காரணம்: பட்டறைத் தகரம் ஒழுகல்.
அதன் கணு ஒன்று முன்பே மெய்யம்மைக்குப் போயிருந்தது, 203.
அங்கிருந்து செலினுக்கு, 340.
ஷிப்ட் முடிந்த கையோடு செலின்
டிபன் பாக்ஸில் ஈரத்துணி சுற்றி
பஸ்ஸேறி ஒரு சாண் கொண்டுவந்தாள்.
பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தவர்
கையைத் துடைக்காமலே வாங்கினார்.

412 காலியா இருக்கு, போட்டுடலாம் என்றேன்.
"எதுக்குப் புதுசு? இது அதுதானே."
117ஐத் திறந்து, தாய்க் கட்டத்தில் 340 என்று
அவரே தட்டினார்.
சிவப்பில் ஒரு வரி மறுத்தது. நான் எழுதிய வரி.
மூன்று முறை தட்டினார்.
பிறகு போனை என் பக்கம் திருப்பி
"தம்பி, இது யாரு போட்ட சட்டம்?"

மறுபடி ஓட்டு.
ஒன்பது பேர் புது எண் என்றார்கள். எட்டுப் பேர் பழையது.
ஒருவர் பாஸ்வேர்டை மறந்திருந்தார்.
முறைப்படி நான் ஜெயித்தேன்.

அன்று ராத்திரி ஷட்டருக்குள்
அந்த வரியைத் தேடிப் பிடித்து
முன்னால் இரண்டு சாய்கோடு போட்டேன்.
அழிக்கவில்லை, தூங்க வைத்தேன்.
117 தன் பேத்திக்குப் பிறந்தது.

காலையில் திரும்ப எழுப்பிவிடலாம் என்றிருந்தேன்.
காலையில் ஜெய்லானி ஒரு படம் ஏற்றியிருந்தார்:
அறுத்த சைலன்சர் குழாயில் மண்,
மண்ணில் சாய்ந்து ஒரு கணு,
இலை எதுவும் இன்னும் இல்லை.